விசிறியும் நீர்க்குடமும்

பூந்தமல்லியிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தைக் கடக்கும்போதெல்லாம் நம் பேச்சு ஏரிக்குத்தான் திரும்பும். முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பவை 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் சென்னைவாசிகளுக்கு மனப்பாடம். ஐப்பசி பிறந்துவிட்டால் காலையில் செய்தித்தாளை விரித்ததும் 'இன்று எத்தனை அடி?' என்றுதான் தேடுகிறோம். நாளை வரக்கூடிய வெள்ளத்தை எண்ணியே இன்றைய மழையை இழந்துவிடுகிறோம்.

அண்மையில் நண்பர்களுடன் அந்த ஏரிக்கரையில் நின்றபோது, இவ்வூர் எந்த இரண்டு ஊர்களுக்கு இடையில் அமைந்துள்ளது என்பது சட்டென்று உறைத்தது. ஒருபுறம் பூவிருந்தவல்லி, திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர். மறுபுறம் ஸ்ரீபெரும்புதூர், இராமானுசர் அவதரித்த ஊர். வைணவ மரபு 1009, 1017 என்று இவர்களின் பிறப்பாண்டுகளைக் குறிக்கிறது. எதிர்கால அச்சத்திலிருந்து ஒருவரை மற்றவர் எவ்வாறு மீட்டார் என்பதே நாம் இங்குக் காண விரும்புவது. பின்வரும் செய்திகள் கல்வெட்டுகளில் கிடைப்பவை அல்ல. பின்பழகிய பெருமாள் சீயரின் ஆறாயிரப்படி குருபரம்பரை முதலான வைணவ மரபுவழி வருபவை.

நம்பிகள் வைசிய குலத்தவர். பூவிருந்தவல்லியில் மலர் வளர்த்துக் காஞ்சி வரதருக்குச் சமர்ப்பித்தவர். சன்னதியில் அவர் செய்த தொண்டு திருவாலவட்டம் வீசுதல். விசிறி வீசுவதில் சேர்த்து வைக்க ஒன்றுமில்லை என்பதைக் கவனியுங்கள். நேற்று வீசிய காற்று இன்றைக்கு உதவாது; நாளைக்கு வேண்டியதை இன்றே வீசி வைக்கவும் இயலாது. அந்தந்தக் கணத்திற்கு அந்தந்த வீச்சு. அவ்வாறு வீசும் வேளையில் வரதர் அவரோடு உரையாடுவார் என்பது மரபு.

இளம் இராமானுசர் இவரிடம் வந்து சேர்ந்தது துயரமான ஒரு காலத்தில். தம் ஆசிரியர் யாதவப்பிரகாசரோடு பொருள்கோளில் முரண்பட்டு, காசி யாத்திரையில் தம் உயிருக்கே கேடு சூழப்படுவதை அறிந்து, விந்தியக் காட்டிலிருந்து தப்பி வந்திருந்தார். இனி என் கதி என்ன என்று கேட்டு நின்றவருக்கு நம்பிகள் தத்துவம் போதிக்கவில்லை. சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் ஒரு குடம் நீர் கொணர்ந்து பெருமாளுக்குத் தரும்படி பணித்தார். விடை தேடி வந்தவருக்குக் கிடைத்தது வேலை. குழம்பிய மனத்திற்கு அன்றாடம் செய்ய ஒரு சிறு பணியைத் தருவதைவிடப் பெரிய மருத்துவம் உண்டா?

பின்னர் ஆளவந்தாரைக் காணத் திருவரங்கம் சென்ற இராமானுசர், அவருடைய இறுதித் திருமேனியையே காண நேர்ந்தது. அடைய விரும்பிய குருவை அடையுமுன்னரே இழந்து காஞ்சி மீண்டவர், நம்பிகளையே ஆசாரியராக இருக்க வேண்டினார். குல வழக்கைச் சுட்டி அவர் இசையவில்லை. உள்ளத்தில் கிடந்த ஐயங்களையேனும் வரதரிடம் கேட்டுச் சொல்லுமாறு இராமானுசர் வேண்ட, நம்பிகள் பெற்றுத் தந்தவையே 'ஆறு வார்த்தை' என்று புகழ்பெற்றவை.

அவற்றுள் நான்காவதை நாம் வகுப்பில் பல ஆண்டுகள் கற்பித்திருந்தும், அன்று ஏரிக்கரையில்தான் அதன் கனம் விளங்கியது. சரண் புகுந்தவனுக்கு உயிர் பிரியும் நேரத்து இறைநினைவு கட்டாயமில்லை என்பது அதன் கருத்து. கீதையின் எட்டாம் அத்தியாயம் இறுதி நினைவுக்குத் தரும் முதன்மையை எண்ணினால் இது எத்தகைய விடுதலை என்பது புரியும். அந்தக் கடைசிக் கணத்தில் நினைக்க முடியாமற்போகுமோ என்ற கவலை பெரியாழ்வாருக்கும் இருந்தது. அதனால்தான் முன்கூட்டியே அரங்கனிடம் விண்ணப்பித்து வைத்தார். நான்காம் வார்த்தையோ அக்கவலையையே எடுத்துவிடுகிறது. இறுதிக் கணத்தின் பாரம் இறங்கியதும் கையில் எஞ்சுவது இன்றைய நாள். அன்று சுமக்க வேண்டிய ஒரு குடம் நீர்.

ஆறாவது வார்த்தை, பெரிய நம்பிகளை ஆசாரியராகக் கொள் என்பது. தம்மை நாடி வந்தவரை வேறொருவரிடம் அனுப்பும் செய்தியை நம்பிகள் தம் வாயாலேயே சொன்னார். ஆனந்தத்திற்கு வழிகாட்டுவதாகக் கூறித் தம்மைச் சுற்றியே கூட்டம் சேர்ப்பவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பளிக்கிறது. இராமானுசர் திருவரங்கம் நோக்கிப் புறப்பட, பெரிய நம்பிகள் காஞ்சி நோக்கி வர, இருவரும் சந்தித்தது மதுராந்தகத்தில். அதுவும் ஓர் ஏரியூரே! திருவரங்கம் சென்று சேரட்டும் என்று காத்திராமல் அங்கேயே, அப்போதே இராமானுசர் உபதேசம் பெற்றார்.

குருபரம்பரை இன்னொன்றையும் சொல்கிறது. இத்தனை நாள் வீசியதற்கு வீடுபேறு உண்டா என்று நம்பிகள் ஒருநாள் வரதரைக் கேட்டாராம். நீ வீசியதற்கு நான் பேசியது சரியாகிவிட்டது என்று விடை வந்ததாம். அடியார்க்குத் தொண்டு செய்தே அப்பேற்றை அடைய வேண்டும் என்பது இக்கதைக்கு வைணவர் சொல்லும் பொருள். நமக்கு இன்னொன்றும் தோன்றுகிறது: வீசிய நேரத்திலேயே கூலி கொடுக்கப்பட்டுவிட்டது, கணக்குப் பார்த்தபோதுதான் அது அவருக்கே தெரிந்தது.

பூவிருந்தவல்லி வரதராசப் பெருமாள் கோயிலில் நம்பிகளுக்குத் தனிச் சன்னதி உண்டு. அடுத்தமுறை அவ்வழியே சென்றால் இறங்கிச் சேவித்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பும் வழியில் செம்பரம்பாக்கம் கரையிலும் சற்று நில்லுங்கள். எத்தனை அடி என்று அன்றைக்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டாம்.