மழலைக்கு ஆசான் யார்?

பாலவனத்தம் என்றதும் தமிழறிந்தோர் நெஞ்சில் எழும் பெயர் பாண்டித்துரைத் தேவர். அருப்புக்கோட்டைக்கு அருகே, வானம் பார்த்த கரிசல் சூழ்ந்த அவ்வூரின் சமீன்தாராக இருந்த அவர், 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்டார். புலவரைப் பேணினார், பழந்தமிழ் நூல்கள் அச்சேற உதவினார். அத்தொண்டினைப் போற்றுகிறோம், மறந்தோமில்லை.

ஆனால், தோழர்களே! புலவர் கூடி நூலாய்ந்த கதையைப் பலமுறை எழுதிவிட்டோம். அதே மண்ணில் உழவன் வீட்டுப் பிள்ளைக்கும், நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கும், சேரிப் பிள்ளைக்கும் மூன்று வயதில் கைபற்றி முதற்பாடம் சொல்ல வேண்டியவர் யார்? அவருக்கு அத்தொழிலைக் கற்றுத் தந்தவர் யார்? இக்கேள்வியை எழுப்பியோர் சிலர். விடை தேடினால், நம் திண்ணையிலிருந்து உலகம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

அன்றைய திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்றொருவன் இருந்தான். மாணவருள் மூத்தவன். அண்ணாவியார் இல்லாத வேளையில் இளையோருக்கு எழுத்துச் சொல்லித் தருவான். மணலைப் பரப்பி, விரலால் எழுதிக் காட்டி, எழுதவும் வைப்பான். கற்றுக்கொண்டே கற்பிப்பவன்; இன்றைய மொழியிற் சொன்னால், அவன் ஒரு பழகுநர் ஆசிரியன்.

1789இல் சென்னையில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான விடுதியின் பொறுப்பினை ஏற்றார் ஆண்டுரூ பெல் என்ற பாதிரியார். நம் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டார். கண்டது கருத்தில் தைத்தது. தம் விடுதி ஆசிரியர்கள் அம்முறையை ஏற்கத் தயங்கவே, எட்டு வயதுச் சிறுவன் ஜான் பிரிஸ்கன் கையில் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் வென்றான். 1797இல் பெல் இலண்டனில் இதனை நூலாக்கினார். "சென்னை முறை" என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. 1846 முதல் அந்நாட்டரசு, 13 வயது நிரம்பியோரை ஐந்தாண்டுக் காலம் மாணவ ஆசிரியராகப் பழக்கும் திட்டத்தை நடத்தியது. மாணவனே ஆசிரியனாகும் எண்ணத்துக்கு நம் திண்ணையும் ஒரு தாய்வீடு!

பெருமைப்படலாமா? சற்றுப் பொறுங்கள். அத்திண்ணையில் ஏற எல்லோருக்கும் உரிமை இருந்ததா? தீண்டப்படாதவன் என்று தள்ளப்பட்டவனின் பிள்ளைக்கு அங்கே மணல் உண்டா? பெண்களில் எத்தனை பேர் ஏறினர்? பிரம்படி பற்றாதென்று, பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் வேறு! கற்பிக்கும் முறை இருந்தது. மனிதரை மனிதராக மதிக்கும் நெறி இல்லை. பழமையென்ற ஒன்றிற்காகவே பழமையைத் தொழுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

அந்த நெறியைக் கண்டவர் ஒரு பகுத்தறிவாளர். பெயர் இராபர்ட் ஓவன். ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்னுமிடத்தில் பஞ்சாலை நடத்தியவர். 1816 சனவரி முதல் நாள், ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென ஒரு கல்விக்கூடம் திறந்தார். நடக்கத் தெரிந்தால் போதும், பிள்ளைக்கு அங்கே இடமுண்டு. ஆசிரியராக எந்த மேதையைத் தேடினார்? ஜேம்ஸ் புக்கானன் என்ற எளிய நெசவாளியை! மோலி யங் என்ற பதினேழு வயது ஆலைப் பெண்ணை! புக்கானனுக்கு எழுதப் படிக்கவே அரைகுறையாகத்தான் தெரியும். அவ்விருவருக்கும் ஓவன் இட்ட கட்டளைகள் சிலவே: எக்காரணங் கொண்டும் பிள்ளையை அடிக்காதே; சொல்லாலும் மிரட்டாதே; முகமலர்ச்சியோடு பேசு; ஏட்டைக் காட்டி இளம் நெஞ்சை வாட்டாதே; கண்முன் உள்ள பொருளைக் காட்டி, பிள்ளை கேட்பதற்கு விடை சொல்.

பிள்ளைகளோடு பழகிப் பழகி அந்நெசவாளி தொழில் கற்றான். சில ஆண்டுகளில், இலண்டன் மாநகரில் மழலையர் பள்ளி நடத்த அழைத்துப் போகும் அளவுக்குத் தேர்ந்தான். தறியும் நூற்பாலையும் நிறைந்த அருப்புக்கோட்டைத் தோழர்களே, இவ்வரலாறு உங்களுக்கு அன்னியமா? தறிப்பலகையில் அமர்ந்தவன் ஆசான் ஆக முடியுமென்று உலகுக்குக் காட்டியது ஒரு பஞ்சாலைதான்!

அடுத்து ஜெர்மனி. பிரோபெல் என்பார் 1840இல் தம் பள்ளிக்குக் "குழந்தைகள் தோட்டம்" எனப் பெயரிட்டார். ஆடலும் பாடலும் கைவினையுமே பாடமாகும் அப்பள்ளிக்கு இளம் பெண்களைப் பழக்கவும் தொடங்கினார். பிரஷ்ய அரசு என்ன செய்தது? 1851இல் தடை விதித்தது! குற்றச்சாட்டு? நாத்திகமும் சமதர்மமும் பரப்புகிறதாம்! பிரோபெலோ ஆழ்ந்த கடவுள் நம்பிக்கையுடையவர். தடை நீங்குமுன், 1852இல் அவர் மறைந்தார். 1860இல்தான் அது நீங்கியது. மழலை தானாகச் சிந்திப்பதைக் கண்டு மணிமுடி நடுங்கிய கதை இது.

பின்னர் மாண்டிசோரி அம்மையார். 1907இல் உரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் பணி தொடங்கியவர், 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயிற்சி பெற்றனர். போர் மூண்டு இத்தாலி எதிரணி சேர்ந்ததால் நாடு திரும்ப இயலாது, கொடைக்கானலிலும் தங்கிப் பணி தொடர்ந்தார். ஏழைக் குடியிருப்பில் பிறந்த அம்முறை, இங்கே யாருக்குப் பயன்பட்டது? பெரும்பாலும் கட்டணம் கட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கே! விளக்கு வந்தது; குடிசைக்கு ஒளி வரவில்லை.

இடையே 1953இல் வேறொரு "பழகுதல்" பேசப்பட்டது. அரைநாள் பள்ளி, அரைநாள் பெற்றோர் தொழில்! குலக்கல்வித் திட்டமென்று நாடே கொதித்தெழுந்தது. 1954இல் அது கைவிடப்பட்டது. தொழில் பழகுவதை நாம் எதிர்த்தோமா? இல்லை. பிறப்பைக் காட்டித் தொழிலைத் தலையில் கட்டுவதை எதிர்த்தோம். நெசவாளி மகன் நெசவாளியே என்றது குலக்கல்வி. நெசவாளி ஆசானாகலாம் என்றது நியூ லானார்க். முன்னது விலங்கு, பின்னது விடுதலை.

1929இலேயே செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு, ஆரம்பப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியராக அமர்த்த வேண்டுமெனத் தீர்மானித்தது. மழலையர் கல்வியில் அது பேரளவில் நடைமுறைக்கு வந்தது பிற்காலத்தில். 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். 1982 சூலையில் பள்ளி செல்லும் முன்னரே பிள்ளைக்கு உணவளிக்கும் சத்துணவுத் திட்டம். ஊர்தோறும் குழந்தைகள் மையம் எழுந்தது. கணவனை இழந்தோரும் ஆதரவற்றோரும் பொறுப்பேற்றனர். நல்ல காரியத்துக்கு ஆகாதவள் என மூடநம்பிக்கை மூலையில் தள்ளிய கைம்பெண்ணை, ஊர்ப் பிள்ளைகளெல்லாம் "டீச்சர்" என்றழைத்தன! எல்லாச் சாதிப் பிள்ளையும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டன. ஆயிரம் மேடைப் பேச்சு செய்யாததை அந்த வரிசை செய்யும்.

இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54 ஆயிரம் மையங்கள். ஆனால் அங்குள்ள பெண்மணியின் நிலை என்ன? உணவு, தடுப்பூசி, உடல் நலம், தாய்மார்க்கு அறிவுரை, பதிவேடு - இத்தனைக்கும் நடுவே கல்வி. இத்தொழிலை அவர் பழகச் சில வாரப் பயிற்சியே! மிச்சத்தை, அழும் பிள்ளையை இடுப்பில் ஏந்தியபடி, மூத்த பணியாளரைப் பார்த்தே கற்கிறார். ஊதியமென்று சொல்ல மனமின்றி "மதிப்பூதியம்" என்றார்கள். இவர்கள் அரசுப் பதவி வகிப்போர் அல்லர் என்றது 2006ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு. பணிக்கொடைக்கு உரிமையுண்டு என்று அதே மன்றம் சொல்ல 2022 வர வேண்டியிருந்தது.

2019இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்பு தொடங்கி, இடைநிலை ஆசிரியர்களை அரசு அங்கனுப்பியபோது எதிர்ப்பெழுந்தது. எங்கள் பயிற்சி வேறு என்றனர். தகுதியிறக்கம் என்றும் குரல் கேட்டது. முதற்கூற்று உண்மை. மழலைக்குக் கற்பித்தல் தனித்தொழில். அதற்குத் தனிப்பயிற்சி வேண்டும். இரண்டாவதோ மனத்தின் இருட்டு. உயர்ந்த வகுப்புக்கு உயர்ந்த ஆசிரியர், சின்னஞ்சிறுசுக்கு யாராயினும் போதும் என்பது படிக்கட்டுச் சமுதாயம் பெற்ற பிள்ளையல்லவா?

எனவே நாம் கேட்பது தெளிவானது. பாலவனத்தத்திலும் திருச்சுழியிலும் உள்ள பெண், ஊதியத்தோடு ஓராண்டேனும் தேர்ந்த ஆசிரியையின் அருகிருந்து இத்தொழிலைப் பழக வேண்டும். முடித்ததும் ஆசிரியை என்ற பெயரும், ஆசிரியைக்குரிய சம்பளமும் பெற வேண்டும். சாதியும் சிபாரிசும் அதில் தலையிடலாகாது.

இளைஞர்களே! உங்களூர் மையத்திற்கு நாளையே செல்லுங்கள். கூரை ஒழுகுகிறதா, குடிநீர் இருக்கிறதா, எல்லாப் பிள்ளையும் ஒன்றாய் உண்கின்றனவா எனப் பாருங்கள். அங்கிருக்கும் அம்மையாரை ஆசிரியையென்று அழையுங்கள். புலவர்க்குச் சங்கம் கண்ட மண், மழலைக்கு ஆசான் காணட்டும்!