சூலியா தெருவும் ரெசிடென்சி சாலையும்

நோய்நொடி என்றால் நம் தெருவாசிகள் படியேறிய இடங்களில் மூத்தது, பினாங்கில் சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் முனையில் நிற்கும் நாகூர் தர்கா. காதர் மைதீன் 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எழுப்பிய அதே தலைமுறைத் தமிழ் முஸ்லிம்கள், ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பேரால் அதைக் கட்டினார்கள். அடுத்து வந்தது 1882இல் ரெசிடென்சி சாலையில் அமைந்த பொது மருத்துவமனை. அதன் முழு வரலாற்றுக்கு இந்த மலரில் இடம் போதாது. அது தொடங்கிய நாள்முதல் இன்றுவரை ஒரே ஒரு நோய்க்கு மருத்துவம் எப்படி மாறிவந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அது இதயம் தளர்ந்து உடம்பில் நீர் கோக்கும் நோய்.

இதயத்துக்கு வலு குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அது தப்பாக எடுத்துக்கொண்டு, உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். சாயங்காலமானால் கால் வீங்கும். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். படுத்தால் மூச்சு முட்டும். நம் பழைய கடைவீடுகளின் செங்குத்தான மரப்படிகள் இந்த நோயைச் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கும் பெரியவரை வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடக் கூடாது.

மருத்துவமனை திறந்த காலத்தில் மருத்துவ உலகின் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. இதய மருந்தான டிஜிட்டாலிஸ் இருந்தது. லண்டன் மருத்துவர் ரெஜினால்டு சவுதி 1877இல் விவரித்த மெல்லிய குழாய்கள் இருந்தன. வீங்கிய காலில் தோலுக்கடியில் அவற்றைச் செருகி, நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து நீரைச் சொட்டுச் சொட்டாக வடியவிடுவார்கள். மூச்சு இலேசாகும், ஆனால் துளை சீழ்பிடிக்கும் ஆபத்து கூடவே இருந்தது. 1920களில் சிறுநீரைப் பெருக்கும் பாதரச ஊசி வந்தது. 1960களில் ஃபுரோஸ்மைடு வந்தபின், வீட்டுக்கு வீடு தெரிந்த தண்ணி மாத்திரை அதுதான்.

மாத்திரைக்கும் ஊசிக்கும் மசியாத நீர் என்று ஒன்று உண்டு. நாளாக ஆக மருந்து பிடிக்காமல் போகும், சிறுநீரகமும் சோர்ந்துவிடும். அப்போதுதான் அல்ட்ராஃபில்ட்ரேஷன், அதாவது ரத்தத்திலிருந்தே நீரை வடிகட்டி எடுப்பது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் நில்ஸ் ஆல்வால் 1940களிலேயே, ரத்தத்தைச் சுத்தப்படுத்துவதோடு அழுத்தத்தால் நீரையும் பிரித்தெடுக்கும் கருவியைச் செய்தார். ஜெர்மனியின் கோட்டிங்கனில் பீட்டர் கிராமர் 1977இல் ரத்தத்தைத் தமனியிலிருந்து வடிகட்டிக்கும் அங்கிருந்து சிரைக்கும் ஓடவிட்டார். பம்பே கிடையாது, நோயாளியின் இதயத் துடிப்புதான் ரத்தத்தைத் தள்ளியது.

இன்று டயாலிசிஸ் இயந்திரத்திலேயே, கழுவுநீரை ஓடவிடாமல் நீரை மட்டும் எடுக்க முடியும். வடிகட்டி ஒரு முழ நீளம்கூட இராது; உள்ளே மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான குழல்கள். ரத்த அணுக்களும் புரதமும் அவற்றுக்குள் தங்கிவிட, உப்பு கரைந்த நீர் மட்டும் சுவர் வழியாகக் கசிந்து, தெளிந்த மஞ்சள் நிறத்தில் பையில் சேர்கிறது. அப்படி வரும் ஒரு லிட்டரோடு ஏறத்தாழ 8 கிராம் உப்பும் வெளியேறும். உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு அனுமதிப்பதே 5 கிராமுக்குக் குறைவுதான். நாசி கண்டார் தட்டில் நாலு குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லும் நாம் இந்தக் கணக்கை மனத்தில் வைக்க வேண்டும்.

ஆனால் எடுக்கும் வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நீர் போவது ரத்தத்திலிருந்து. காலிலும் வயிற்றிலும் தேங்கியது மெல்ல ஊறி ரத்தத்துக்குள் வந்தால்தான் அந்த இடம் நிரம்பும். ஊறுவதைவிட வேகமாக இழுத்தால் ரத்த அழுத்தம் சரியும், சிறுநீரகம் அடிபடும். 2007இல் வெளிவந்த அன்லோட் ஆய்வில் 200 நோயாளிகள். 48 மணி நேரத்தில் இயந்திரத் தரப்பில் 5 கிலோ குறைந்தது, மருந்துத் தரப்பில் 3.1 கிலோ; 90 நாளுக்குள் இதயத் தளர்ச்சியால் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் முறையே 18 சதவீதம், 32 சதவீதம். உற்சாகம் பிறந்தது. 2012இல் காரஸ் ஆய்வு, சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருந்த 188 பேரை எடுத்துக்கொண்டது. எடை இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் குறைந்தது. இயந்திரத் தரப்பில் சிறுநீரகம் மோசமானது, சிக்கல்களும் கூடின. அங்கே எல்லோருக்கும் மணிக்கு 200 மில்லி என்று ஒரே வேகம். மருந்துத் தரப்பிலோ ஒவ்வொருவரின் சிறுநீர் அளவைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைத்தார்கள். சிகிச்சை தோற்றது என்பதைவிட, ஆளைப் பார்க்காமல் வைத்த வேகம் தோற்றது என்றே நான் படிக்கிறேன். எப்படியானாலும் முதல் இடம் இன்றும் மருந்துக்குத்தான். அதற்கு மசியாதவர்களுக்கே இயந்திரம்.

ஆகவே இந்த வரலாற்றில் கருவியோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர்கள், படுக்கையருகில் நிற்கும் தாதியர். மணிக்கு மணி பையின் அளவைக் குறித்து, அழுத்தத்தைப் பார்த்து, வேகத்தைக் குறைக்கச் சொல்வது அவர்கள்தான். கல்வெட்டுகளில் அவர்கள் பெயர் இருக்காது. இந்த மலரிலாவது நன்றி சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் வீடு திரும்புகிறவரிடம் சொல்லி அனுப்புவது இதுதான்: காலையில் சிறுநீர் கழித்ததும், பசியாறுமுன், எடை பார்த்து எழுதிவையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால், பெருநாள் கழியட்டும், தீபாவளி முடியட்டும் என்று இராமல் அன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.