ஒரு படி குறைந்த கதை

குழந்தைகள் சிறியவர்களாக இருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "இதுகள் கொஞ்சம் வளரட்டும், அப்புறம் போகலாம்." காசியும் காஷ்மீரமும் தாஜ்மகாலும் அந்த "அப்புறம்" என்ற சொல்லுக்குப் பின்னால் பத்திரமாகக் காத்திருக்கும். எங்கள் வீட்டிலும் காத்திருந்தன. 1988ஆம் வருஷம் என் பெண்ணுக்கு வயது ஏழு, பிள்ளைக்கு நான்கு. டில்லிக்குப் போகப் பணமும் இல்லை, லீவும் இல்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, தயிர்சாதத் தூக்கும் தண்ணீர்க் கூஜாவுமாகத் திருத்தணிக்குக் கிளம்பினோம். சென்னையிலிருந்து ரயிலில் 80 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். காலையில் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

என் தகப்பனாரும் உடன் வந்தார். அவருக்குத் திருத்தணி புதிதல்ல. ஒரு காலத்தில் அந்த ஊரைத் தவிர அவருக்கு வேறு பேச்சே கிடையாது.

அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1911இல் சித்தூர் ஜில்லா உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. எல்லாம் ஒரே சென்னை ராஜதானியாக இருந்தவரை ஜில்லாவின் பெயர் யாரையும் உறுத்தவில்லை. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அங்கே போயிற்று. ம.பொ. சிவஞானமும் அவருடைய தமிழரசுக் கழகத்தாரும் வடக்கெல்லைக்காகக் கிளர்ச்சி நடத்தினார்கள். கடைசியில் படாஸ்கரின் சிபாரிசை ஒட்டி 1959இல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பதிலுக்குத் திருவள்ளூர், பொன்னேரி தாலுகாக்களிலிருந்து சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின.

அப்பா அப்போது ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். ஞாயிறு தவறாமல் எல்லைக் கூட்டம். அந்த ஏப்ரல் முதல் தேதி மாலை, கையில் வெல்லப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார். "திருத்தணி வந்துவிட்டது!" என்றார். எனக்கு எட்டு வயது. எங்கே வந்தது என்று வாசலை எட்டிப் பார்த்தேன். அன்று சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் பாருங்கள், திருத்தணி எங்களிடம் வந்ததே தவிர, நாங்கள் திருத்தணிக்குப் போனதே இல்லை.

இருபத்தெட்டு வருஷம் கழித்து அப்பாவும் நானும் சேர்ந்து அந்த மலையடிவாரத்தில் நின்றோம். மேலே வண்டி போகப் பாதை உண்டு. "படியில்தான் ஏற வேண்டும்" என்றாள் என் பெண். வருஷத்துக்கு 365 நாள். மலைக்கு 365 படி. தாத்தா ரயிலிலேயே சொல்லி வைத்துவிட்டார். அவள் எண்ணிக்கொண்டே ஏறினாள்.

தாத்தா படித் திருவிழாவின் கதையையும் சொன்னார். வெள்ளைக்காரர் ஆட்சியில் ஜனவரி முதல் தேதி பழமும் மாலையுமாகத் துரைகளின் பங்களா வாசலில் போய் நிற்பது ஒரு வழக்கம். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகளுக்கு இது பொறுக்கவில்லை. துரைகளுக்கெல்லாம் துரை இந்த மலைமேல் இருக்கும்போது அங்கே என்ன வேலை என்றார். டிசம்பர் 31 இரவு படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு ஏறும் விழாவைத் தொடங்கிவைத்தார். இன்றும் அது நடக்கிறது.

இந்தக் கதையின் நடுவில் ஒரு குரங்கு வந்து சின்னவன் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு போயிற்று. அவன் அழுதான், பிறகு குரங்கு தோலை உரித்த நேர்த்தியைப் பார்த்துச் சிரித்தான். அந்தக் கலவரத்தில் கணக்கு எங்கேயோ தவறிவிட்டது.

பாதி வழியில் இளைப்பாற உட்கார்ந்தோம். வடக்கே வெளுத்துத் தெரிவது பச்சரிசி மலை, தெற்கே கறுத்திருப்பது பிண்ணாக்கு மலை என்று அப்பா காட்டினார். "வெல்ல மலை எங்கே தாத்தா?" என்று கேட்டான் சின்னவன். அப்பா சிரிக்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இந்த ஊருக்கு இருபது தடவை வந்திருப்பேன். கூட்டம் முடிந்ததும் கடைசி ரயிலுக்கு ஓடுவேன். ஒரு தடவையாவது உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம், அம்மா."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கூஜாவைத் திறந்து தண்ணீர் கொடுத்தேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது பெண்ணின் கணக்கு 364. "ஒரு நாள் குறைகிறதே!" என்று அவளுக்கு ஒரே கவலை. கோயிலில் இன்னொரு கவலை. முருகனுக்கு முன்னால் இருக்கும் யானை அவரைப் பார்க்காமல் கிழக்கே பார்த்து நிற்கிறது. தெய்வயானைக்குச் சீதனமாக ஐராவதத்தைக் கொடுத்த பிறகு இந்திரனின் செல்வம் தேய்ந்ததாம். யானையின் பார்வையாவது தன் பக்கம் இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டானாம். "பாவம், அதற்கு வீட்டு ஞாபகம்" என்றான் சின்னவன்.

வெளியே மரத்தடியில் ஒரு தெலுங்குக் குடும்பம் கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய அவர்கள் வீட்டுப் பையனுக்கும் எங்கள் பிள்ளைக்கும் ஒரே நிமிஷத்தில் சிநேகம், முறுக்கு கைமாறியது. அப்பா அவர்களோடு சரளமாகத் தெலுங்கில் பேச ஆரம்பித்தார். நான் அசந்துபோனேன். "எல்லையைப் பற்றிப் பேசுகிறவனுக்கு இரண்டு பக்கத்துப் பேச்சும் தெரிய வேண்டாமா?" என்றார்.

இறங்கியதும் வீரட்டானேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போனார். 9ஆம் நூற்றாண்டின் கடைசியில், அபராஜித பல்லவன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் கட்டிய சிறிய கற்கோயில். அதைப் புகழ்ந்து அரசனே ஒரு வெண்பாப் பாடியதாகக் கல்வெட்டுச் சொல்கிறது. பல்லவர் வம்சத்தின் அந்திமக் காலம் அது. சோழர்கள் தலைதூக்கிக்கொண்டிருந்தார்கள். ராஜ்யம் கையைவிட்டு நழுவும் வேளையிலும் ஒருவர் கட்டிய கோயிலைப் பார்த்து மகிழ்ந்து பாட்டுப் பாட அவனுக்கு ஒரு பொழுது இருந்திருக்கிறது. குழந்தைகளுக்கோ "அப்பி" என்ற பெயரைக் கேட்டுச் சிரிப்புத் தாங்கவில்லை. ரயிலில் தூங்கும்வரை ஒருவரையொருவர் அப்பி என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அப்பா அதற்கப்புறம் இரண்டு வருஷந்தான் இருந்தார். டில்லிக்கும் ஆக்ராவுக்கும் ஒருநாள் போகத்தான் போனோம். தாஜ்மகாலைப் பற்றிக் கேட்டால் என் பெண் இன்றைக்கும் "அப்பா, என்ன வெயில்!" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அப்பியைக் கேட்டால் அரைமணி நேரம் பேசுவாள்.

இப்போது அவளுக்கே இரண்டு சின்னக் குழந்தைகள். போன வாரம் தொலைபேசியில், "இதுகள் கொஞ்சம் வளரட்டும் அம்மா, அப்புறம் எங்கேயாவது போகலாம்" என்றாள்.

"வருகிற ஞாயிற்றுக்கிழமை திருத்தணிக்குப் போய்ப் படியை எண்ணிவிட்டு வா. அந்த ஒரு படி எங்கே போயிற்று என்று எனக்கு இன்னும் தெரியவில்லை" என்றேன்.