கேட்கப்படாத கேள்வி: மிசிசிப்பி அரசமைப்பின் 241ஆம் பிரிவும் திருத்தம் என்பதன் பொருளும்

தேர்தல் விதி ஒன்றின் ஓரத்தில் கைவைத்துவிட்டால், அதன் பிறப்பிலேயே இருந்த கறை நீங்கிவிடுமா? அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் 1890இல் இயற்றிய அரசமைப்பை முன்வைத்து எழுந்த இக்கேள்விக்கு நீதிமன்றங்கள் ‘நீங்கிவிடும்’ என்றே விடையளித்துள்ளன. அவ்விடை பிழையானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அம்மாநிலத்தில், அரசமைப்பை எழுதக் கூடிய 134 பேராளர்களுள் கறுப்பினத்தவர் ஒரே ஒருவர். எழுதி முடித்த ஆவணம் மக்களின் ஒப்புதலுக்கு வைக்கப்படவே இல்லை. வாக்களிக்க 2 டாலர் தலைவரி, எழுத்தறிவுச் சோதனை ஆகியவற்றோடு 241ஆம் பிரிவும் அதில் இடம்பெற்றது. லஞ்சம், கன்னம் வைத்தல், திருட்டு, தீவைப்பு, ஏமாற்றிப் பொருள் பெறுதல், பொய்ச்சாட்சி, போலி ஆவணம், கையாடல், இருதார மணம் ஆகிய குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் வாக்குரிமை இழப்பார் என்றது அப்பிரிவு. கொலையும் வன்புணர்வும் பட்டியலில் இல்லை. திருடியவருக்கு வாக்கில்லை, கொன்றவருக்கு உண்டு! இது கவனக்குறைவன்று. கறுப்பினத்தவர் செய்யக்கூடியவை என்று கருதப்பட்ட குற்றங்களையே மாநாடு குறிவைத்தது என்பதை 1896இல் ராட்லிஃப் எதிர் பீல் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றமே வெளிப்படையாக எழுதியது.

1950இல் கன்னம் வைத்தல் நீக்கப்பட்டது. 1968இல் கொலையும் வன்புணர்வும் சேர்க்கப்பட்டன. இவ்விரு திருத்தங்களாலும் பழைய நோக்கம் அகன்றதென 1998இல் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2022இல் அதன் முழு அமர்வும் பிரிவைச் செல்லுமென்றது. 2023இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தபோது நீதிபதி கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் மாறுபட்டு எழுதினார்.

1968இன் வாக்காளர் நிலையில் நின்று பார்ப்போம். ‘ஆம்’ என்றால் பழைய எட்டுக் குற்றங்களோடு இரண்டு கூடும். ‘இல்லை’ என்றாலும் அந்த எட்டும் அப்படியே இருக்கும். எட்டையும் நீக்க விரும்பியவருக்கு வாக்குச்சீட்டில் இடமே இல்லை. முன்வைக்கப்படாத ஒன்றுக்கு மக்கள் இசைந்தார்கள் என்பது எவ்வாறு பொருந்தும்? 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்துக்குப் பின் கறுப்பின வாக்காளர் பதிவு பெருகியது உண்மை. அவ்வகையில் 1968ஐ 1950க்கு நிகராக வைப்பது நியாயமாகாது. ஆனால் யார் வாக்களித்தார்கள் என்பது போலவே எதைக் குறித்து வாக்களித்தார்கள் என்பதும் முக்கியம். சட்டமன்றம் விரும்பியிருந்தால் முழுப் பட்டியலையும் மாற்றியிருக்கலாமே என்பர். மாற்றாமல் விட்டதை மறுபரிசீலனையாகக் கொள்வதற்குச் சான்று வேண்டும், மௌனம் அச்சான்றாகாது.

இத்தகைய கேள்வியை மக்களிடம் நேராகக் கேட்க முடியாததும் அன்று. அதே 1890 அரசமைப்பின்படி, ஆளுநராக மக்கள் வாக்கில் பெரும்பான்மை மட்டும் போதாதிருந்தது; 122 கீழவைத் தொகுதிகளில் பெரும்பாலானவற்றிலும் முந்த வேண்டியிருந்தது. 1999 தேர்தலில் எவருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காமல், தொகுதிகளும் 61க்கு 61 எனப் பிரிய, முடிவு கீழவையின் கைக்குச் சென்றது. 2020இல் இவ்விதியை நீக்கலாமா என்று வாக்காளரிடமே கேட்டார்கள். ஐவரில் ஏறத்தாழ நால்வர் நீக்கச் சொன்னார்கள்.

241ஆம் பிரிவால் உரிமை இழந்தவர் அதைத் திரும்பப் பெறவோ, ஆளுநரின் மன்னிப்பு ஒருபுறமிருக்க, 253ஆம் பிரிவின்படி இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தனித்தனி மசோதா நிறைவேற்ற வேண்டும். அந்த எட்டுக் குற்றங்கள் பட்டியலில் நீடிக்கலாமா என்ற கேள்வி மட்டும் இன்னும் மிசிசிப்பி வாக்குச்சீட்டில் அச்சாகவில்லை.