கெவலாரில் கூடும் மடு மாதாவின் பிள்ளைகள்



இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கருக்கு ஆகஸ்டு 15 என்றாலே மன்னார் மறைமாவட்டத்தின் மடு மாதா திருவிழாதான். 1983 இனக்கலவரத்திற்குப் பின் அகதிகளாக ஜெர்மனி சென்றவர்களுக்கு மடுவுக்குப் போக வழியில்லாமல் போயிற்று. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது மாதாவின் சுரூபமே மடுவை விட்டு இடம்பெயர்ந்து, ஆகஸ்டில் திரும்பியது.

துன்புறுவோருக்கு ஆறுதலான அன்னையின் சிறு படம் 1642 முதல் வணங்கப்படும் ஜெர்மனியின் கெவலார் திருத்தலம் இவர்களுக்கு இடமளித்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டு மாதத்தில் தமிழர் அங்கே திருயாத்திரையாகக் கூடி, தமிழில் திருப்பலி காண்கிறார்கள். இந்துச் சகோதரரும் திரளாக வருகின்றனர். ஜெர்மன் மொழியில் படிக்கும் பிள்ளைகள், தாத்தா பாட்டியின் செபத்தை அவர்களுடைய மொழியிலேயே கேட்கும் நாள் அது.

நம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் பிழைப்புத் தேடிப் பலர் வந்துள்ளனர். தென்மாவட்டத்தார் ஊர்த் திருவிழாவுக்கு இரவுப் பேருந்து ஏறிவிடலாம். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த நம் விசுவாசச் சகோதரர் என்ன செய்வார்கள்? ஆலயத்தின் கடைசி வரிசையில் மொழி புரியாமல் நிற்கிறார்கள்.

அந்நியரை ஏற்பவர் தம்மையே ஏற்பதாக ஆண்டவர் சொன்னார் (மத்தேயு 25). நம் பங்கின் பாதுகாவலர் விழாவில் அவர்கள் மொழியிலும் ஒரு பாடல், ஒரு மன்றாட்டு ஒலிக்கட்டும். தேர் இழுக்கும் வடத்தில் அவர்கள் கைக்கும் இடம் கொடுப்போம்.