ஒரே கைதி, ஒரே ஃபைல்.. மார்க் மட்டும் மாறுவது ஏன்? தடயவியல் உளவியல் ஆய்வகத்தில் மாணவர்கள் என்ன செய்கிறார்கள்?

தடயவியல் உளவியல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, சைக்கோ கொலைகாரனின் மனசைப் படித்து அவனை மடக்கிப் பிடிக்கும் சினிமா ஹீரோதான். பல்கலைக்கழக ஆய்வகத்தில் நடப்பது வேற. அங்கே மாணவர்கள் பெரும்பாலான நேரம் ஃபைல் படிக்கிறார்கள், படித்து மார்க் போடுகிறார்கள். கேட்க சப்பென்று இருக்கலாம். ஆனால் இதே மாதிரி மார்க்கை ஒரு நிபுணர் கோர்ட்டில் சொல்லும்போது, ஒருவர் வீட்டுக்குப் போவாரா இல்லையா என்பதே மாறிப்போகலாம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் இருக்கும் சின்ன ஊர் ஹன்ட்ஸ்வில். மாகாண சிறைத்துறையின் தலைமையகம் அங்கேதான். டெக்சாஸில் மரண தண்டனை நிறைவேற்றப்படுவதும் அந்த ஊர் சிறையில்தான். அதே ஊரில் இருக்கும் சாம் ஹூஸ்டன் மாகாணப் பல்கலைக்கழகத்தில், தடயவியலை மையமாக வைத்து கிளினிக்கல் சைக்காலஜி பிஎச்டி நடத்தப்படுகிறது. இந்தப் படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம்.

மார்க் கூடினால் ஆபத்து

கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய 'சைக்கோபதி செக்லிஸ்ட்' இந்தத் துறையில் ரொம்ப பிரபலம். மொத்தம் 20 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மார்க். ஆக அதிகபட்சம் 40. அமெரிக்காவில் 30-ஐத் தொட்டால் 'சைக்கோபத்' என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

டெக்சாஸில் 1999-ல் ஒரு சட்டம் வந்தது. திரும்பத் திரும்ப பாலியல் வன்முறையில் ஈடுபட்டவர்களை, சிறைத் தண்டனை முடிந்த பிறகும் அரசின் கட்டுப்பாட்டில் வைத்திருக்க அது வழி செய்கிறது. அதற்கு முன் அவருக்கு சைக்கோபதி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அப்படின்னா, செக்லிஸ்ட்டில் நாலைந்து மார்க் கூடுவதும் குறைவதும் சும்மா விஷயமில்லை.

பிரச்னை எங்கே வருகிறது? 'குற்ற உணர்ச்சி இல்லாமை' என்று ஒரு அம்சம். ஒருவர் தலை குனிந்து பேசாமல் உட்கார்ந்திருந்தால் அது வருத்தமா, திமிரா? பார்ப்பவரைப் பொறுத்தது.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டேனியல் முரியும் சாம் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் பொக்காசினியும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்கள் குழுவின் ஆய்வு 2013-ல் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' இதழில் வெளியானது. 108 தடயவியல் உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் பணம் கொடுத்து வரவழைக்கப்பட்டனர். சிலரிடம் "நீங்கள் அரசுத் தரப்பு", மற்றவர்களிடம் "நீங்கள் எதிர்த்தரப்பு" என்று நம்பும்படி சொல்லப்பட்டது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே ஃபைல்கள்தான். முடிவு? அரசுத் தரப்பு என்று நம்பியவர்கள் அதிக மார்க் போட்டார்கள், எதிர்த்தரப்பு என்று நம்பியவர்கள் குறைத்துப் போட்டார்கள். வயது, பழைய வழக்குகள் போன்ற பதிவுகளை எண்ணி மார்க் போடும் இன்னொரு கருவியில் இந்த வித்தியாசம் குறைவு. சொந்த அபிப்பிராயத்துக்கு இடம் இருந்த செக்லிஸ்ட்டில்தான் அதிகம்.

இதை வைத்து அவர்கள் பொய் சொன்னார்கள் என்று சொல்லிவிட முடியாது.

மாணவர் வேலை இங்கேதான்

அதனால்தான் இதுபோன்ற ஆய்வகங்களில் ஒரே ஃபைலை இரண்டு மாணவர்கள் தனித்தனியாகப் படிப்பது வழக்கம். ஒருவர் போட்ட மார்க் இன்னொருவருக்குத் தெரியாது. போலீஸ் அறிக்கை, பள்ளி ரெக்கார்டு, சிறை மருத்துவக் குறிப்பு என்று எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். 'சிறுவயதிலேயே நடத்தைப் பிரச்னை' என்ற அம்சத்துக்கு ஒருவர் 2 போட்டிருப்பார், இன்னொருவர் 1 போட்டிருப்பார். உட்கார்ந்து பேசும்போது கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பக்கத்தைப் பார்த்து 2 போட்ட?" பக்கத்தைக் காட்ட முடியாத மார்க் நிற்காது.

இருவரும் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்பதையும் கணக்கு போடுவார்கள். அது குறைவாக இருந்தால் திரும்பவும் பயிற்சி. ஆய்வுக் கட்டுரையில் அந்த எண்ணையும் சேர்த்தே வெளியிட வேண்டியிருக்கும்.

ஃபைல் மட்டும்தானா என்றால், நடிப்பும் உண்டு. தண்டனையிலிருந்து தப்பிக்க மனநோய் இருப்பதாக நடிப்பவர்களைக் கண்டுபிடிக்கும் சோதனைகள் இருக்கின்றன. அவை வேலை செய்கிறதா என்று பார்க்க, கல்லூரி மாணவர்களிடமே "நோய் இருப்பது போல நடியுங்கள், மாட்டிக்கொள்ளாதீர்கள்" என்று சொல்லிச் சோதிப்பார்கள். அந்தப் பதில்களை உண்மையான நோயாளிகளின் பதில்களோடு ஒப்பிடுவார்கள். பொதுவாக, நடிப்பவர்கள் நோயை ஓவராகவே காட்டிவிடுகிறார்கள்.

சிறைக்குள் போகும்போது

கைதிகளை வைத்து ஆய்வு செய்வதற்கு விதிகள் கறார். அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி, அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் ஒரு கைதியோ, கைதிகளின் நிலை தெரிந்த பிரதிநிதியோ இருந்தாக வேண்டும். ஆய்வில் கலந்துகொண்டால் பரோல் சீக்கிரம் கிடைக்கும் என்று ஆசை காட்டக் கூடாது. பரோல் முடிவில் இந்த ஆய்வு கணக்கில் எடுக்கப்படாது என்பதை முன்கூட்டியே ஒவ்வொரு கைதியிடமும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மாணவர் முதல் கேள்வியையே கேட்க முடியும்.