33 போலிகள் பிறந்த கதை

வரிச்சிக்குடியில் காரைக்கால் பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கே டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸைத் தொட்ட எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் 0, 1 போட்டு ட்ரூத் டேபிள் எழுதிக் காட்டும். வாக்கியங்களைக் கணக்காக்க முடியும் என்று ஜார்ஜ் பூல் 1854இல் புத்தகம் போட்டார். அந்தக் கணக்கு மின்சுற்றுக்கும் பொருந்தும் என்று 1937இல் கிளாட் ஷானன் ஆய்வேடு எழுதினார். இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே கிடைக்கிற கதை. வாதத்தைக் கட்டம் போட்டுச் சோதித்த வேறொரு கதை நம் பக்கத்திலேயே உண்டு. அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

தரங்கம்பாடியைத் தாண்டி வடக்கே போனால் பூம்புகார், மணிமேகலையின் ஊர். அவள் தருக்கம் படித்தது காஞ்சியில், அறவண அடிகளிடம். மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பெரும்பகுதி அந்த வகுப்புதான். உ.வே.சா. 1898இல் பதிப்பித்த நாள் முதல் இந்தக் காதையைப் புரட்டித் தள்ளிவிட்டுப் போகிறவர்களே அதிகம். கவிதை குறைவு என்பது உண்மைதான். ஆனால் காப்பியத்தை இயற்றிய சாத்தனார் இங்கே கவிதை எழுத உட்காரவில்லை.

உண்மையை அறிய அடிகள் ஏற்கும் அளவை இரண்டே: காட்சி, அனுமானம். அனுமானத்துக்குப் பழைய வழக்கப்படி ஐந்து உறுப்பு. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம்; புகை இருப்பதால் என்பது ஏது; அடுக்களை போல என்பது திட்டாந்தம். மிஞ்சிய உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று ஒதுக்கிவிடுகிறார். அதன் பிறகு போலிகள், அதாவது இந்த மூன்று உறுப்புகளில் நேரும் பிழைகள்: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. தன் தாயையே மலடி என்று ஒருவன் சாதித்தால் அது பக்கப்போலியில் ஒரு வகை. சொன்ன வாய்ச்சொல்லே அவனைக் கவிழ்த்துவிடுகிறது.

ஏதுப்போலிகளின் வேர் திக்நாகர். 5, 6ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்தவர். பிறந்தது காஞ்சிப் பக்கம் என்பது பௌத்த மரபு. ஒன்பது கட்டம் கொண்ட ஏதுச் சக்கரம் அவருடையது. நிறுவ வேண்டிய தன்மை உள்ளவை சபக்கம், இல்லாதவை விபக்கம். ஏது சபக்கத்தில் எல்லாவற்றிலும் இருக்கலாம், சிலவற்றில் இருக்கலாம், எதிலும் இல்லாமல் போகலாம். விபக்கத்திலும் அப்படியே மூன்று. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது. சபக்கத்தில் கொஞ்சமாவது இருந்து விபக்கத்தில் அறவே இல்லாத இரண்டு கட்டங்களே தேறும். மற்ற ஏழும் தள்ளுபடி.

நம் ஊர்ச் சாலையிலேயே சோதிக்கலாம். 'இது காரைக்கால்காரர் கார், பி.ஒய்-02 என்று நம்பர் இருக்கிறதே' என்கிறார் ஒருவர். உள்ளூர்க்காரர் கார்களில் பலவற்றுக்கு அந்த நம்பர் உண்டு, சிலவற்றுக்குத் தமிழ்நாட்டு நம்பர். வரி குறைவு என்று இங்கே பதிவு செய்து அந்த நம்பரை வாங்கிய வெளியூர்க்காரர்களும் உண்டு. இரண்டு பக்கத்திலும் சில, ஆகவே இது அநைகாந்திகம், எந்தப் பக்கமும் உறுதி தராத ஏதுப்போலி. ட்ரூத் டேபிளுக்குக் காரைக்கால் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிய வேண்டாம். திக்நாகரின் கட்டத்தையோ தெருவில் இறங்கிப் பார்க்காமல் நிரப்ப முடியாது. எனக்கு அது குறையாகப் படவில்லை. டீக்கடை வாதங்களில் பெரும்பாலானவை வடிவம் கெட்டு விழுவதில்லை, ஏது கெட்டுத்தான் விழுகின்றன.

9, 14, 10 என்ற இதே கணக்கு வடமொழி நியாயப்பிரவேசத்திலும் இருக்கிறது. சுவான்சாங் 647இல் சீனத்தில் பெயர்த்த நூல் அது. சீன மரபு அதைச் சங்கரசுவாமிக்குக் கொடுக்கிறது, திபெத்திய மரபு திக்நாகருக்கு. இதை வைத்து, சாத்தனார் அந்நூலைப் பார்த்தே எழுதினார், ஆகவே மணிமேகலை 6ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதல்ல என்றார்கள் சில ஆய்வாளர்கள். சா. கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928இல் எழுதிய நூலில் அதை மறுத்து, மணிமேகலையே திக்நாகருக்கு முந்தியது என்று வாதிட்டார்.

இந்த வழக்கையும் அடிகளிடமே கொண்டுபோனால் என்ன சொல்வார்? இரண்டு நூல்கள் ஒத்திருக்கின்றன என்பது ஏது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதினாலும் ஒத்திருக்கும். இரண்டும் மூன்றாவது ஒன்றைப் பார்த்து எழுதினாலும் ஒத்திருக்கும். ஒப்புமை மட்டும் யார் முந்தி என்று காட்டாது. ஆனால் நியாயப்பிரவேசத்தின் போலிகள் திக்நாகர் சக்கரத்தை அடியொட்டி வளர்ந்தவை. அந்தச் சக்கரத்துக்கு முன்னால் அதே 14ஐ வேறு எங்கிருந்து சாத்தனார் எடுத்திருப்பார்? ஐயங்கார் பக்கம் நிற்பவர்கள் இதற்குப் பதில் சொல்லும் வரை, சாத்தனார் திக்நாகருக்குப் பிந்தியவர் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.